கார்லைலின் 504 புள்ளிகள்: 1912 கால்பந்துப் பருவத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் குழுப்படம் இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும். ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி, பயிற்சியாளர், முன்னால் ஒரு பந்து. பந்தின்மேல் வெள்ளை எழுத்தில் ‘1911, இந்தியன்ஸ் 18, ஹார்வர்ட் 15’ என்று எழுதியிருக்கும். நம்மவர்கள் பலரும் முதலில் கேட்பது, இந்தியாவிலிருந்து போன அணி ஹார்வர்டைத் தோற்கடித்ததா என்பதைத்தான்.

இல்லை. இவர்கள் அமெரிக்காவின் பூர்வகுடிகள். கொலம்பஸ் தப்பாக வைத்த பெயர் அவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது, பழைய தமிழ்ப் புத்தகங்களும் ‘செவ்விந்தியர்’ என்றே எழுதின. படத்தில் இருப்பது பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்ற சிற்றூரில் இருந்த ஓர் அரசுப் பள்ளியின் அணி. அங்கே படித்து, இந்த அணியில் ஆடிய ஜிம் தோர்ப்பின் பெயர் ஒலிம்பிக் செய்திகளில் அடிபடும்போதெல்லாம் இந்தப் பள்ளியின் பெயரும் கூடவே வரும். 2022-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு 1912 போட்டிகளில் அவர் ஒருவரே வெற்றியாளர் என்று பதிவைத் திருத்தியபோது வந்தது. 2024 டிசம்பரில் அந்தப் பள்ளி வளாகத்தைத் தேசிய நினைவிடமாக அமெரிக்க அதிபர் அறிவித்தபோதும் வந்தது.

அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டான 1912-இல் கார்லைல் 14 ஆட்டங்களில் 12 வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. எடுத்தது 504 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 114. இதை ஜிம் தோர்ப் என்ற ஒரு மாவீரனின் கதையாகச் சொல்வதே வழக்கம். அது பாதிக் கதை. மீதிப் பாதி விதிப்புத்தகத்திலும் டிக்கெட் வசூலிலும் இருக்கிறது.

பள்ளியா, கல்லூரியா?

கல்லூரி அணிகளோடு ஆடியதால் கார்லைலையும் கல்லூரி என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். அது பட்டம் கொடுத்த இடமே இல்லை.

1879-இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி, பயன்படுத்தாமல் கிடந்த ஒரு படைமுகாமில் இந்த உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். பூர்வகுடிக் குழந்தைகளை ஊரிலிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வெகுதூரம் கொண்டுவந்து, முடியை வெட்டி, புதுப் பெயர் சூட்டி, தாய்மொழி பேசத் தடைபோட்டு, வெள்ளை அமெரிக்கர்களைப் போல ஆக்குவதே திட்டம். ‘இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று’ என்ற பொருளில் பிராட் 1892-இல் பேசிய வாசகம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பாதி நாள் பாடம், பாதி நாள் தச்சு, தையல், அச்சு போன்ற கைத்தொழில். அப்புறம் வெள்ளையர் வீடுகளுக்கும் பண்ணைகளுக்கும் வேலைக்கு அனுப்புவார்கள். 140-க்கும் மேற்பட்ட பழங்குடிகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

கால்பந்து 1890-களில் வந்தது. கிளென் வார்னர் (‘பாப்’ வார்னர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்) 1899-இல் பயிற்சியாளராக வந்தார், இடையில் போனார், 1907-இல் திரும்பி 1914 வரை இருந்தார். பெரிய பல்கலைக்கழகங்களின் மைதானங்களில் ஆடினால் வாசல் வசூலில் பங்கு கிடைக்கும். அந்தப் பணம் அரசு மானியத்தோடு சேராமல் ‘விளையாட்டு நிதி’ என்ற தனிக் கணக்கில் சேர்ந்தது. பள்ளியின் சில கட்டடங்கள்கூட அதில் எழுந்தவைதான்.

கூட்டம் எதைப் பார்க்க வந்தது? ‘இந்தியன்ஸ்’ ஆடுவதைப் பார்க்க. வகுப்பறையில் எந்த அடையாளத்தைத் துடைத்து அழித்தார்களோ, அதையே மைதான வாசலில் விலைக்கு விற்றார்கள். கார்லைலின் ஒவ்வொரு பருவத்துக்கும் அடியில் இந்த முரண் இருக்கிறது.

ஆட்டத்தின் அடிப்படை: ‘டவுன்’

அமெரிக்கக் கால்பந்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முயற்சிகள் உண்டு. ஒரு முயற்சிக்குப் பெயர் ‘டவுன்’. அதற்குள் குறிப்பிட்ட தூரம் முன்னேறினால் புதிதாக மறுபடியும் அதே எண்ணிக்கை. முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்கு. கிரிக்கெட் ஓவர் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த ஓவரில் குறைந்தபட்ச ரன் எடுக்காவிட்டால் மட்டை எதிரணி கைக்குப் போய்விடும்.

எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ‘டச்டவுன்’. அதன்பின் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 1. ஓடமுடியாத இடத்திலிருந்து நேரடியாகக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ‘பீல்டு கோல்’. இவ்வளவு தெரிந்தால் 1912-ஐப் பின்தொடரலாம்.

ஏழு ஆண்டுகளில் மாறிய விதிகள்

1905 வரை இந்த ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு தள்ளுமுள்ளு. மூன்று டவுனில் 5 யார்டு போனால் போதும் என்பதால், கைகோத்து ஒரே கும்பலாக எதிரணியின் நடுவில் இடித்துக்கொண்டு போவதே உத்தி. முன்னால் பந்து எறிய அனுமதி இல்லை. அந்த ஒரே பருவத்தில் நாடு முழுக்கச் சுமார் 18 பேர் இறந்ததாகப் பத்திரிகைகள் கணக்குக் கொடுத்தன. அக்டோபரில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அப்புறம் கல்லூரிகள் சேர்ந்து உருவாக்கிய அமைப்புதான் இன்றைய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முன்னோடி. மாற்றங்கள் மூன்று தவணையாக வந்தன.

1. 1906: முன்னோக்கி எறியும் பாஸ் சட்டபூர்வமானது, ஆனால் கட்டுப்பாடுகள் ஏராளம். மூன்று டவுனில் போகவேண்டிய தூரம் 5-இலிருந்து 10 யார்டானது. இடித்தே முன்னேறும் பழைய முறைக்கு இது முதல் அடி.

2. 1910: பந்து வைத்திருப்பவரைச் சொந்த அணிக்காரர்கள் தள்ளவோ இழுக்கவோ தடை. ஏழு பேர் முன்வரிசையில் நிற்க வேண்டும். ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு பகுதிகளானது. பாஸ் 20 யார்டுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் அப்போதுதான் வந்தது.

3. 1912: மூன்று டவுன் நான்கானது. டச்டவுனுக்கு 5-க்குப் பதில் 6 புள்ளி. மைதானம் 110 யார்டிலிருந்து 100 ஆகச் சுருங்கியது, இரு முனையிலும் 10 யார்டு ‘எண்ட் ஸோன்’ சேர்ந்தது. 20 யார்டு வரம்பு நீங்கியது.

இந்த டவுன் கணக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1905-இல் ஒரு முயற்சிக்குச் சராசரியாக 1.67 யார்டு போனால் போதும், விழுந்தடித்தாவது போய்விடலாம். 1906 முதல் 1911 வரை அதே கணக்கு 3.33. கும்பலாக இடிக்கும் வசதியும் போய், பாஸும் முழுதாகத் திறக்காத இந்த இடைக்காலத்தில் பந்தை நகர்த்துவதே பாடு. அதனால் பல அணிகள் மூன்றாவது டவுன் வரை காத்திராமல் பந்தைத் தூர உதைத்துவிட்டு எதிரணியின் தவறுக்காகக் காத்திருந்தன. 1912-இல் அது 2.5 ஆக இறங்கியது. வேகமாக ஓடும் அணி ஒரு டவுனைச் சூதாட்டமாகச் செலவழித்துப் பார்க்கலாம். தவறினாலும் இன்னும் மூன்று கையில் இருக்கும்.

யாருக்கு இது லாபம்? கார்லைல் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் எதிரணிகளைவிட எடை குறைந்தவர்கள். இடித்து முன்னேறும் ஆட்டத்தில் எடை ஜெயிக்கும், விரிந்து ஓடும் ஆட்டத்தில் வேகம் ஜெயிக்கும். விதி மாறும்போதெல்லாம் அதை முதலில் சோதித்துப் பார்த்த அணிகளில் ஒன்று கார்லைல். பாஸ் வந்த மறு ஆண்டே, 1907-இல், பீட் ஹவுசரின் நீண்ட எறிகளோடு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று சாய்த்தார்கள். அன்றைக்குப் பெரிய கல்லூரிகள் பல பாஸைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தன.

எண்களும் இதையே சொல்கின்றன. 1911-இல் கார்லைல் 12 ஆட்டங்களில் 298 புள்ளி, ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 25. 1912-இல் 14 ஆட்டங்களில் 504, ஓர் ஆட்டத்துக்குச் சரியாக 36. இரண்டு ஆண்டும் அதே பயிற்சியாளர், அதே தோர்ப். விட்டுக்கொடுத்த புள்ளிகளும் 49-இலிருந்து 114 ஆக ஏறியதைக் கவனிக்க வேண்டும். கார்லைல் மட்டும் திடீரென்று மேலே போயிருந்தால் அது குறைந்திருக்கும். கதவு இரண்டு பக்கமும் திறந்தது. அதற்குள் வேகமாக நுழையத் தெரிந்த அணி கார்லைல்.

69 நாளில் 14 ஆட்டங்கள்

செப்டம்பர் 21-இல் ஆல்பிரைட் கல்லூரியோடு தொடங்கி, நவம்பர் 28-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தோடு முடிந்தது. முதல் 15 நாளிலேயே ஐந்து ஆட்டங்கள். முதல் நான்கும் சின்ன எதிரிகள்: 50-7, 45-0, 34-0, 65-0. ஐந்தாவது வாஷிங்டன் அண்ட் ஜெபர்சன் கல்லூரி. அங்கே கார்லைலின் பீல்டு கோல் முயற்சிகள் எதுவும் கைகூடவில்லை, 0-0. 504 புள்ளி எடுத்த அணியின் பட்டியலில் இந்தப் பூஜ்யம் கண்ணில் உறுத்திக்கொண்டே நிற்கும்.

அக்டோபரில் சிரக்யூஸை 33-0, பிட்ஸ்பர்க்கை 45-8. பிறகு வந்த வாரத்தைப் பார்த்தால் இந்த அணி எப்படி ஓட்டப்பட்டது என்று தெரியும். அக்டோபர் 26, சனிக்கிழமை, வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுனோடு ஆடி 34-20 வெற்றி. உடனே ரயிலேறி, 28-ஆம் தேதி திங்களன்று கனடாவின் டொரண்டோவில் பல்கலைக்கழக அணியோடு இன்னோர் ஆட்டம். ஒரு பாதி அமெரிக்க விதி, மறுபாதி கனடிய விதி. முடிவு 49-1. அமெரிக்க ஆட்டத்தில் ஒரு அணி தனியாக 1 புள்ளியோடு நிற்கும் நிலை வருவதே இல்லை. அந்த ஒற்றைப் புள்ளி கனடிய விதியின் கைங்கரியம். அந்த சனிக்கிழமையே லீஹையோடு அடுத்த ஆட்டம்.

ஹார்வர்ட், யேல் மாதிரியான அணிகள் பெரும்பாலான ஆட்டங்களைச் சொந்த மைதானத்தில் வாரத்துக்கு ஒன்றாக ஆடிக்கொண்டிருந்தன. கார்லைலோ தொடக்க ஆட்டங்கள் சிலவற்றைத் தவிர மீதி எல்லாவற்றுக்கும் ஊர் ஊராகப் போனது. வசூல் இருக்கும் இடத்துக்கு அணி போக வேண்டும், அவ்வளவுதான்.

வெஸ்ட் பாயிண்ட், நவம்பர் 9

வெஸ்ட் பாயிண்டில் ராணுவ அகாதமியோடு நடந்த ஆட்டம்தான் இந்தப் பருவத்தின் உச்சம். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா என்ற பூர்வகுடி மக்களைச் சுட்டுக் கொன்றது 1890 டிசம்பரில். அதற்கு 22 ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒரு பக்கம் நாளைய ராணுவ அதிகாரிகள், மறுபக்கம் ராணுவம் அடக்கிய மக்களின் பிள்ளைகள். இதன் பொருள் மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ராணுவ அணியில் டுவைட் ஐசனோவர் இருந்தார். ஆம், பின்னாளில் அதிபரானவர்தான். சில நாள் கழித்து டஃப்ட்ஸ் கல்லூரியோடு ஆடும்போது முழங்கால் போய், அவரது கால்பந்து வாழ்க்கை முடிந்தது. தோர்ப்பைப் பிடிக்கப் போய்த்தான் முழங்கால் போனது என்று எழுதுகிறவர்கள் இரண்டு ஆட்டங்களையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

வார்னர் அன்று பயன்படுத்தியது இரட்டைச் சிறகு அமைப்பு. வழக்கமாகப் பின்னால் நடுவில் நிற்கும் இருவரை, முன்வரிசையின் இரு ஓரங்களுக்கும் வெளியே நிறுத்துவது. பந்து எந்தப் பக்கம் போகும், ஓட்டமா பாஸா என்று எதிரணி ஊகிப்பதற்குள் ஆள் கடந்து போயிருப்பான். இடைவேளையில் 7-6 என்று நெருக்கமாக இருந்தது. ராணுவ அணியின் தலைவர் லேலண்ட் டெவோர், கார்லைலின் ஜோ கயோன்மேல் ஆத்திரத்தில் பாய்ந்ததால் நடுவரால் வெளியேற்றப்பட்டார். முடிவில் 27-6.

இங்கே ஒரு சின்ன விவரம் முக்கியம். கார்லைலின் நான்கு டச்டவுன்களில் மூன்று அலெக்ஸ் அர்காசாவுடையவை, ஒன்று ஜோ பெர்ஜியுடையது. தோர்ப்புக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிரணி கண்வைத்ததெல்லாம் அவர்மேல். மூன்று பேர் ஒருவரைத் துரத்தினால் அர்காசாவுக்கு வழி கிடைக்கத்தானே செய்யும். அணியின் ஆட்டத்தை மைதானத்துக்குள் இயக்கியவர் குவாட்டர்பேக் கஸ் வெல்ச். இந்தப் பெயர் கடைசியில் மறுபடியும் வரும்.

(பழைய 1911 விதிப்படி எண்ணினால் இதே ஆட்டம் 23-5. வெற்றி மாறாது.)

மறு வாரம் பென்சில்வேனியாவிடம் 34-26 என்று தோற்றார்கள், பருவத்தின் ஒரே தோல்வி. பிறகு ஸ்பிரிங்பீல்டை 30-24, பிரவுனை 32-0.

எண்களை எவ்வளவு நம்பலாம்?

1. ஆட்ட முடிவுகளை நம்பலாம். பத்திரிகைகளில் அன்றன்று வந்தவை, கூட்டினாலும் 504 சரியாக வருகிறது.

2. தோர்ப் அந்தப் பருவத்தில் 25 டச்டவுன், 198 புள்ளி எடுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் சேர்க்கத் தொடங்கியதே 1937-இல்தான். அதற்கு முந்தையவை ஆய்வாளர்கள் செய்தித்தாள்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவை, ஆளுக்கு ஆள் வேறுபடும்.

3. ‘1912 சாம்பியன்’ என்று கார்லைலைச் சில இடங்களில் பார்க்கலாம். அன்று லீக்கும் இல்லை, கோப்பையும் இல்லை. பிற்காலத்தில் பின்னோக்கிக் கணித்துத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் 9-0 என்று தோல்வியே காணாத ஹார்வர்டைத்தான் சொல்கிறார்கள். என் கணிப்பில் ஹார்வர்டைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஹார்வர்டின் அட்டவணையை ரயிலில் அலையவிட்டுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி.

ஜனவரி 1913: புகழின் விலை

இந்தப் பருவத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் தோர்ப் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து விளையாட்டுகள் சேர்ந்தது), டெக்கத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார். அதே பள்ளியின் ஹோப்பி இனத்து மாணவர் லூயிஸ் தெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். தோர்ப் கார்லைலுக்குத் திரும்பி ஆடியதால்தான் அந்த ஆண்டு கூட்டம் அலைமோதியது.

1913 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று ஒரு செய்தி வெளியிட்டது: 1909, 1910 கோடைகளில் வடக்கு கரோலினாவில் சிறு பேஸ்பால் லீக்கில் தோர்ப் சம்பளத்துக்கு ஆடியிருக்கிறார். காசு வாங்கி ஆடியவர் அன்றைய ஒலிம்பிக்கில் கலந்துகொள்ள முடியாது. அமெரிக்க அமெச்சூர் சங்கம் அவரைக் கைவிட்டது, பதக்கங்கள் பறிபோயின.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோர்ப் ஆடியது உண்மை, அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் போட்டி விதிப்படி ஆட்சேபம் எழுப்ப 30 நாள்தான் அவகாசம். செய்தி வந்ததோ ஆறு மாதம் கழித்து. அந்த விதியை அன்று யாரும் எடுத்துப் பேசவில்லை. வார்னரும் பள்ளி நிர்வாகமும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். இரண்டு கோடை முழுக்கத் தன் சிறந்த ஆட்டக்காரர் எங்கே இருந்தார் என்று பயிற்சியாளருக்குத் தெரியாதாம்!

1982-இல் ஒலிம்பிக் குழு அவரை ‘இணை வெற்றியாளர்’ ஆக்கியது. பதக்கங்கள் பறிபோனபோது முதலிடத்துக்கு உயர்த்தப்பட்ட நார்வேயின் பெர்டினாண்ட் பீயும் ஸ்வீடனின் ஹியூகோ வீஸ்லாண்டரும் பட்டியலில் கூடவே இருந்தார்கள். 2022 ஜூலையில்தான் இரண்டு போட்டிகளுக்கும் தோர்ப் ஒருவரே வெற்றியாளர் என்று பதிவு திருத்தப்பட்டது. தோர்ப் இறந்தது 1953-இல்.

கணக்குக் கேட்ட குவாட்டர்பேக்

விளையாட்டு நிதியில் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் மாணவர்கள்தான். கஸ் வெல்ச் முன்னெடுத்த மனுவில் 200-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914 தொடக்கத்தில் நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. அந்த நிதியிலிருந்து ஆட்டக்காரர்களுக்குப் பணம் போனது வெளியே வந்தது. பேஸ்பால் சம்பளத்துக்காக ஒருவர் பதக்கத்தை இழந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வார்னரின் வாய்த்துடுக்கு பற்றியும் டிக்கெட் விவகாரம் பற்றியும் வெல்ச் சாட்சி சொன்னார். பள்ளிக் கண்காணிப்பாளர் மோசஸ் பிரீட்மேனின் பதவி போனது. வார்னர் அந்த ஆண்டுப் பருவத்தோடு கிளம்பி பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் வெற்றிமேல் வெற்றி குவித்தார்.

கார்லைல் அணி அதன்பின் எழவில்லை. 1918-இல் பள்ளியே மூடப்பட்டு, இடம் ராணுவத்திடம் திரும்பியது. இன்று அங்கே அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி இருக்கிறது. கார்லைல் பயிற்சி செய்த மைதானம் ‘இந்தியன் பீல்டு’ என்ற பெயரோடு அப்படியே உள்ளது. அதிகாரிகள் அங்கே ஆண்டுதோறும் ஜிம் தோர்ப் பெயரில் விளையாட்டு விழா நடத்துகிறார்கள். அதே வளாகத்துக் கல்லறையில் 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் புதைத்திருந்தார்கள். 2017 முதல் ராணுவம் பெரும்பாலான ஆண்டுகளில் சில குழிகளைத் தோண்டி, எலும்புகளை அவர்களுடைய குடும்பங்களிடம் ஒப்படைத்துவருகிறது.